ஊசி போடாமல் விட்ட பிள்ளைகளுக்கு இப்போது 29 வயது

கரிசல்மகன் | 6 ஏப்ரல் 2025, இரவு 10.40

போன மாசியில் எங்கள் அத்தை போய்ச் சேர்ந்தார். அப்பாவின் கடைசித் தங்கை, 51 வயது. கர்ப்பப்பை வாயில் புற்று. தீட்டு நின்று ஒன்றரை வருடம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்திருக்கிறது. தெருவில் ஒரு பாட்டி "நின்னது திரும்புதுன்னா உடம்புல ரத்தம் ஊறுதுன்னு அர்த்தம்" என்று சொல்ல, அதை நம்பி எட்டு மாதம் ஓட்டிவிட்டார். மதுரைக்குக் கூட்டிப் போனபோது மூன்றாம் நிலை என்றார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், அப்புறம் மருந்து ஏற்றினார்கள். அந்த ஒரு வருடமும் அவர் பையில் ஒரு பழைய நூல்சேலை மடித்தே இருக்கும். பஸ்ஸில் ஏறினதும் சீட்டில் அதை விரித்துத்தான் உட்காருவார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இறந்தபிறகு அத்தை மகள் சொல்லித்தான் தெரியும்.

சரி, நான் இழை தொடங்கினது வேறு காரணத்துக்கு. போன மாதம் தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு, இந்தப் புற்றை உண்டாக்குகிற எச்பிவி என்ற வைரஸைத் தடுக்கிற ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டு இது எப்போது வந்த ஊசி என்று தேடினால், அமெரிக்காவில் 2006-இல் அனுமதி, இந்தியாவில் 2008-இல் அனுமதி. அதே 2008-இல்தான் இந்த வைரஸுக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஆக, 17 வருடம்.

அத்தைக்கு இந்த ஊசி உதவியிருக்காது, அது எனக்கும் புரிகிறது. வைரஸ் தொற்றுவதற்கு முன்னால் போட வேண்டிய ஊசி, 2008-இல் அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஆனால் அத்தை மகள் 1996-இல் பிறந்தவள். 2009-இல் அவளுக்கு 13 வயது, அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அம்மை ஊசி, டி.டி. ஊசியெல்லாம் வரிசையில் நின்று போட்டுக்கொண்டவள்தான். இதையும் போட்டிருப்பாள். இப்போது 29, கையில் ஒரு குழந்தை. இந்த 17 வருடம் எங்கே போனது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை | 6 ஏப்ரல், இரவு 11.25

அத்தைக்கு என் அஞ்சலி. ஆனால் இந்த இழை போகப்போகிற திசை எனக்கு இப்போதே தெரிகிறது. "தடுப்பூசி எதிர்ப்பாளர்களால் நாடு கெட்டது" என்று நாலு பேர் வந்து எழுதுவார்கள். அதனால் கம்மம் கதையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்.

2009 ஜூலை. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 பெண் பிள்ளைகளுக்கும் குஜராத்தின் வதோதராவில் சுமார் 10,000 பேருக்கும் இந்த ஊசியைப் போட ஒரு திட்டம். நடத்தியது பாத் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். கூட ஐ.சி.எம்.ஆர். என்கிற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, மாநில அரசுகள். கம்மத்தில் போட்டது யாருக்கு? பெரும்பாலும் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். அப்பா அம்மா எங்கோ காட்டுக்குள் கிராமத்தில். ஒப்புதல் படிவம்? பின்னால் ஆய்வு செய்த 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. 1,948-இல் வெறும் கைநாட்டு. இது நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் வைத்த 72-ஆவது அறிக்கையில் அச்சில் இருக்கிறது, நான் வாட்ஸப்பில் படித்ததில்லை.

உங்கள் மகளுக்கு ஒரு ஊசி போட ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டால் சும்மா இருப்பீர்களா? பணக்காரப் பள்ளியில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

எண்கணக்கன் | 7 ஏப்ரல், காலை 7.10

நெல்லைச்சீமை சொன்ன படிவக் கணக்கு சரி. அதில் எனக்குச் சண்டையே கிடையாது. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தத் திட்டத்தில் ஊசி போட்ட பிள்ளைகளில் ஏழு பேர் இறந்தார்கள். ஆந்திராவில் ஐந்து, குஜராத்தில் இரண்டு. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. விசாரணைக் குழு போட்டார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா, தண்ணீரில் மூழ்கியது என்று காரணங்கள் வந்தன. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் முடிவு. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் தவறு, போட்டபிறகு பிள்ளைகளைக் கவனிக்கிற ஏற்பாடு ஒழுங்காக இல்லை என்பதும் நிரூபணமானது.

ஆக, ஊசியில் பழுது இல்லை, போட்ட விதத்தில்தான் பழுது. கிராமத்து ஆள் என்ன செய்வான்? வண்டி நல்ல வண்டி, ஓட்டினவன் குடித்திருந்தான் என்றால் ஓட்டினவனைத்தானே மாற்றுவான்? நாம் வண்டியை ஷெட்டில் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தோம். ஒப்புதல் எப்படி வாங்க வேண்டும், பெற்றோருக்கு எந்த மொழியில் சொல்ல வேண்டும், போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு, இதையெல்லாம் சரிசெய்து 2012-லேயே மறுபடி ஆரம்பித்திருக்கலாம். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்று ஒரு காரணம், நாடாளுமன்ற அறிக்கை வந்திருக்கிறது என்று இன்னொரு காரணம். பயந்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

டெல்லி 2016-இல் தனியாக ஆரம்பித்தது. பஞ்சாபில் பட்டிண்டா, மான்சா என்று இரண்டு மாவட்டம். சிக்கிம் 2018-இல் மாநிலம் முழுக்கப் பள்ளியில் போட்டு 95 சதவீதத்துக்கு மேல் முடித்துக் காட்டியது. 2017 கடைசியில் தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு நாடு முழுக்கக் கொண்டுவரலாம் என்ற பக்கம் வந்தபோது ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச் வேண்டாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியது. மறுபடி 2022 ஜூனில் அதே ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. அந்த ஜூலையில் புனே சீரம் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்த செர்வாவாக் என்ற எச்பிவி ஊசிக்கு அனுமதி. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்குத் தடுப்பூசியை "ஊக்குவிப்போம்" என்றார். கவனியுங்கள், போடுவோம் என்று சொல்லவில்லை.

பஞ்சுமிட்டாய் | 7 ஏப்ரல், காலை 9.02

ஊக்குவிப்போம் என்றால் "நீ போய்க் காசு கொடுத்துப் போட்டுக்கோ, நான் கை தட்டுகிறேன்" என்று அர்த்தம். போன வாரம் என் மகளுக்கு விசாரித்தேன். ஒன்பது வகை வைரஸுக்கான வெளிநாட்டு ஊசி ஒன்று 10 ஆயிரத்துக்கு மேல். நம்மூர் ஊசி 2,000 வாக்கில். இரண்டு பெண் பிள்ளை வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் எதைப் போடுவது, எப்போது போடுவது என்று யோசித்து யோசித்தே வருடம் ஓடுகிறது.

எண்கணக்கன் | 7 ஏப்ரல், காலை 9.40

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, பிடித்த என்று சொல்லக் கூடாது, இருந்தாலும்.

கம்மம் நடந்த அதே சமயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வேறொரு ஆய்வை இந்தியாவில் ஒன்பது இடங்களில் நடத்திக்கொண்டிருந்தது. மூன்று தவணைக்குப் பதில் இரண்டு தவணை போதுமா என்பது கேள்வி. ஒன்பது இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. 2010 ஏப்ரல் உத்தரவு இதையும் சேர்த்து நிறுத்திவிட்டது. 20,000 பேருக்குத் திட்டம், 17,000 சொச்சம் பேரோடு நின்றது. அதில் ஏறக்குறைய 5,000 பிள்ளைகளுக்கு முதல் ஊசி மட்டும் போட்டிருந்தது, அடுத்தது போட முடியவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 2021-இல் லான்செட் ஆங்காலஜி இதழில் முடிவு வந்தது. ஒரே ஊசி போட்டவர்களுக்கும் 16, 18 வகை வைரஸ் நிலைத்துத் தங்காமல் 95 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு, இரண்டு மூன்று போட்டவர்களுக்குச் சமமாக. இந்த இரண்டு வகைதான் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். ஒரு தவணை போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கிய ஆதாரம். எத்தனையோ ஏழை நாடுகள் இன்று ஒரு ஊசியோடு வேலையை முடிக்கின்றன. நாம் பாதியில் நிறுத்திய ஆய்வால் ஊருக்கெல்லாம் லாபம். நம் வீட்டில் மட்டும் இன்னும் உலை வைக்கவில்லை.

சுகாதார_அக்கா | 7 ஏப்ரல், மதியம் 2.15

நான் 19 வருடமாகக் கிராம சுகாதார செவிலியர். எல்லாரும் ஊசியைப் பற்றியே பேசுகிறீர்கள். கரிசல்மகன் தம்பியின் அத்தைக்கு ஊசி உதவாது என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்கு எது உதவியிருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

வினிகர் உதவியிருக்கும். தமாஷ் இல்லை. அசிட்டிக் அமிலத்தை 5 சதவீதமாகக் கரைத்துப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால், கெட்டுப்போக ஆரம்பித்த இடம் வெள்ளையாகத் தெரியும். தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை. வி.ஐ.ஏ. என்போம். செலவு சில ரூபாய். டார்ச் லைட் இருந்தால் போதும். வெள்ளை தெரிந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவோம். புற்றாக மாறுவதற்கு முன்னால் அந்த இடத்தைக் குளிரவைத்தோ சுட்டோ எடுத்துவிடலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். இந்த வைரஸ் உள்ளே போனதிலிருந்து புற்று ஆகப் பெரும்பாலும் 15, 20 வருடம் ஆகும். அவ்வளவு நேரம் கொடுக்கிற புற்று வேறு எது?

இது வேலை செய்யுமா என்று உலகத்துக்கு நிரூபித்ததே திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-இல் ஆரம்பித்து 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள், டாக்டர் இல்லை. 2007-இல் லான்செட்டில் வந்தது. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே சாவு 35 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடு அரசு அப்புறம் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்து மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது, மற்ற மாநிலங்களைவிட முந்தித்தான். நாடு முழுக்கப் பரிசோதனைக்கான வழிகாட்டி 2016-இல்தான் வந்தது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒரு தடவை இந்தப் பரிசோதனை செய்தவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாம்தான் முன்னணி! முன்னணியே பத்துப் பேரில் ஒருத்தி.

ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள். என் துணை சுகாதார நிலையத்தில் பரிசோதனை மேசைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சேலைதான் திரை. மின்விசிறி போட்டால் அது பறக்கும், நிறுத்தினால் புழுக்கம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிற பெண் முகம் கைகால் கழுவ இடம் இல்லை. "இந்த அழுக்கோட எப்படிம்மா படுப்பேன், நாளைக்குக் குளிச்சிட்டு வரேன்" என்று போவாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று போகிறவள் திரும்பி வரவே மாட்டாள். நாளைக்கு இத்தனை பேர் பார்க்க வேண்டும் என்று மேலேயிருந்து எண்ணிக்கை மட்டும் வரும். எங்களில் சிலர் பார்க்காமலே பார்த்ததாக எழுதியதும் உண்டு. அதை இங்கே மறைப்பானேன்.

நெல்லைச்சீமை | 7 ஏப்ரல், மாலை 5.50

அக்கா, அந்தத் திண்டுக்கல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதி ஊர்களுக்குப் பரிசோதனையே செய்யாமல் விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் பின்னால் பெரிய சர்ச்சையானது.

மற்றபடி நீங்கள் சொன்னதுதான் என் கட்சியும். ஊசியே இல்லாமல் இந்தப் புற்று குறைந்துகொண்டுதான் வந்திருக்கிறது. சென்னைப் பதிவேட்டில் 80-களில் பெண்களுக்கு வருகிற புற்றுகளில் இதுதான் முதலிடம், இப்போது மார்பகப் புற்று முந்திவிட்டது. பதினைந்து வயதில் கல்யாணம் நின்றது, பிள்ளை எண்ணிக்கை குறைந்தது, வீட்டில் கக்கூஸும் தண்ணீரும் வந்தது. அதற்கெல்லாம் காசு போடாமல் கம்பெனி ஊசிக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பானேன் என்று 2013-இல் கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு சிறு பத்திரிகையில் கட்டுரைகூட எழுதினேன்.

எண்கணக்கன் | 7 ஏப்ரல், இரவு 8.30

குறைகிறது என்பது விகிதம் ஐயா. ஆட்கள் எண்ணிக்கையைப் பாருங்கள். உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகான் 2022-படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் புதிதாக 1,27,000 பேருக்கு இந்தப் புற்று, இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000. நாளுக்கு 200-க்கு மேல். தானாகக் குறையும் என்று காத்திருந்தால் இன்னும் இரண்டு தலைமுறை ஆகும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே காட்டிய நாடு ஜப்பான். 2013 ஏப்ரலில் தேசியத் திட்டத்தில் சேர்த்தார்கள். சில பெண்களுக்கு வலி, நடுக்கம் என்று தொலைக்காட்சியில் வந்தது. இரண்டே மாதத்தில், ஜூனில், ஊசியைத் தடை செய்யாமல் "நாங்கள் முன்வந்து பரிந்துரைக்க மாட்டோம்" என்று மட்டும் அரசு சொன்னது. அவ்வளவுதான். 70 சதவீதம் இருந்த பங்கேற்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. பரிந்துரையை மறுபடி தொடங்கியது 2022 ஏப்ரலில். ஒன்பது வருடம். 1994 முதல் 2007 வரை பிறந்த பெண்களில் மட்டும் இதனால் 5,000-க்கும் மேல் கூடுதல் மரணம் வரும் என்று 2020-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் கணக்கு. பின்னால் தவறவிட்டவர்களுக்கு வயது தாண்டியும் இலவசமாகப் போட அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நாம் தவறவிட்டவர்கள் யார் என்றுகூட எண்ணவில்லை.

ஸ்காட்லாந்து 2008-இல் பள்ளியில் ஆரம்பித்தது. 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட அந்தப் பெண்களில் ஒருவருக்குக்கூட இதுவரை இந்தப் புற்று வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். கரிசல்மகனின் அத்தை மகள் வயதுப் பெண்கள்தான் அவர்கள்.

யாழ்_வேம்படி | 8 ஏப்ரல், காலை 6.20

நான் யாழ்ப்பாணம். பிந்திப் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். இலங்கையில் 2017-இல் இருந்து தரம் 6 படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி பாடசாலையிலேயே போடுகிறார்கள். இலவசம். என்ர மூத்தவளுக்கு 2018-இல் போட்டது. பாடசாலையால் ஒரு கடிதம் வந்தது, என்ன ஊசி, எதற்கு, என்ன செய்யக்கூடும் என்று தமிழில் விளங்குகிற மாதிரி எழுதி, பெற்றோர் ஒப்பம் வைக்க இடம் விட்டு. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, எங்கட குடும்பநல மாதுவிடம் (உங்கட கிராம சுகாதார செவிலியர் மாதிரி) வீதியில் மறித்துக் கேட்டேன். சைக்கிளை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் விளக்கினா. அவ்வளவுதான் கதை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. கை கொஞ்சம் நொந்தது என்று மகள் அன்றைக்கு டியூஷனுக்குப் போகவில்லை.

35 வயது ஆனவுடன், கர்ப்பப்பை வாயில் செல்களை எடுத்துப் பார்க்கிற பாப் பரிசோதனைக்கு வரச்சொல்லி எங்களையும் அவவே துரத்துவா. நான் இரண்டு முறை ஒளித்து மூன்றாம் முறை போனேன்.

நெல்லைச்சீமை | 8 ஏப்ரல், காலை 10.05

தங்கச்சி எழுதினதை இரண்டு தடவை படித்தேன். கம்மத்தில் இல்லாதது அந்தக் கடிதமும் அந்தப் பத்து நிமிடமும்தான்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் நான் ஒப்புதல் மோசடியை எழுதினேன், கம்பெனி லாபத்தை எழுதினேன், எல்லாம் இன்றும் சரி. விசாரணையில் சாவுக்கு என்ன காரணம் என்று வந்ததை எழுதவில்லை. அப்போது அது எனக்குத் தெரியும். வாதம் பலவீனமாகிவிடும் என்று விட்டேன். ஆனால் காப்பாளர் கையெழுத்துப் போட்டவர்களில் யார் தண்டனை வாங்கினார்கள் என்ற கேள்வியை மட்டும் நான் விடுவதாக இல்லை.

பஞ்சுமிட்டாய் | 8 ஏப்ரல், காலை 10.30

ஐயா இதை எழுத ஒரு மனசு வேண்டும். அது இருக்கட்டும், என் பெரியவளுக்கு 15 முடிந்துவிட்டது. அரசு 14-க்குத்தான் என்கிறதே, அவளை என்ன செய்ய?

சுகாதார_அக்கா | 8 ஏப்ரல், மதியம் 1.40

15-க்கும் போடலாம், காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். எத்தனை தவணை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வயதைப் பொறுத்து மாறும். போட்டுக்கொண்டாலும் 30-க்கு அப்புறம் பரிசோதனை உண்டு என்று இப்போதே அவள் காதில் போட்டு வையுங்கள்.

தம்பி கரிசல்மகன், உங்கள் அத்தை மகளைப் பற்றி நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2009-இல் 9 முதல் 14 வயதுக்குள் இருந்த பிள்ளைகளெல்லாம் இப்போது 25-இலிருந்து 30. நாங்கள் வி.ஐ.ஏ. ஆரம்பிப்பது 30 வயதில். இந்தச் செட்டு இனி வருடா வருடம் எங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டும். ஊசிதான் கிடைக்கவில்லை, இதையாவது விடாதீர்கள். அவளுக்கு எப்போது 30?

கரிசல்மகன் | 13 ஏப்ரல், இரவு 9.15

அக்கா, அவளுக்கு வருகிற தை மாதம் 30.

இழையை முழுக்க அவளிடம் போனில் படித்துக் காட்டினேன், நூல்சேலை பற்றி எழுதினதைத் தவிர. சிரித்தாள். "எங்கம்மாவுக்கு வினிகர்னா என்னன்னே தெரியாது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

வியாழக்கிழமை அவள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என் மனைவியும் அவளும் போனார்கள். என் மனைவிக்கு 34, அவளும் இதுவரை பார்த்ததில்லை, எனக்கு இத்தனை நாள் அது தோன்றவே இல்லை. அங்கே இருந்த சிஸ்டர் முதலில் "30 ஆகட்டும், அப்புறம் வாம்மா" என்றாராம். அம்மாவுக்கு இருந்தது என்று சொன்னதும் சரி படு என்றிருக்கிறார். திரைக்குப் பதில் ஒரு பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்களாம். இரண்டு பேருக்கும் வெள்ளை ஒன்றும் தெரியவில்லை. ஒரு சீட்டில் தேதி எழுதி மறுபடி எப்போது வரவேண்டும் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் சொருகி வைத்திருக்கிறாள், அது ஒன்றுதான் வீட்டில் தொலையாது என்று.

வெளியே வரும்போது இன்னும் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்கள். "நீங்களும் பாத்துட்டுப் போங்கக்கா" என்று இவள் சொல்ல, ஒருவர் எழுந்து உள்ளே போனார். மற்ற இருவரும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள்.